அத்தை சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும்

எங்கள் வீடு தருமபுரி இலக்கியம்பட்டியில். நான், மாமியார், எட்டாவது படிக்கும் மகன், மூன்று பேர் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்தால் திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். அங்கே இருந்துகொண்டு இங்கே வாசல் விளக்கைப் போடவும் அணைக்கவும் அவருக்கு ஆசை வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்தில் ஸ்மார்ட் பல்பு மூன்று, சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ரிலே நான்கு, ஸ்மார்ட் பிளக் இரண்டு, சுவரில் ஒட்டும் பித்தான் ஒன்று என்று வாங்கிவிட்டோம். எதற்குக் கொடுத்த காசு உருப்படி, எது தண்டம் என்று எழுதிவைக்கிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. நாங்கள் வாங்கியவை எல்லாமே ஒரே செயலியில்தான் ஓடுகின்றன, டப்பா மேல் ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு வேறு.

முதலில் பல்பு. ஒன்பது வாட், நம் வீட்டு ஹோல்டரிலேயே மாட்டும் பின் டைப், ஒன்று 600 ரூபாய்க்குப் பக்கம். வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, அத்தை படுக்கும் அறையில் ஒன்று. வெளிச்சத்தில் குறை இல்லை. மஞ்சளாக்கலாம், வெள்ளையாக்கலாம். மகன் இரண்டு நாள் ஹாலை ஊதா நிறமாக்கிக் கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருந்தான். மூன்றாம் நாள் சண்டை வந்தது.

ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் போட்டே இருக்க வேண்டும். அதை அணைத்தால் பல்புக்குள் இருக்கும் வைஃபை சில்லும் சேர்ந்து அடங்கிவிடும். அப்புறம் ஓசூரிலிருந்து தட்டினாலும் சரி, பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து தட்டினாலும் சரி, செயலியில் 'ஆஃப்லைன்' என்றுதான் வரும். அத்தைக்கு 72 வயது. அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது அவர் கையிலேயே ஊறிப்போன பழக்கம். என் வீட்டுக்காரர் மூன்று சுவிட்ச் மேலும் செலோடேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவைத்துவிட்டு ஓசூர் போனார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "என் ஊட்டு லைட்டை அணைக்கறதுக்கு எனக்கே தடையா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே டேப்பை உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு ராத்திரி மழையில் கரண்ட் போய், இரண்டரை மணி வாக்கில் திரும்பி வந்தது. வந்ததும் மூன்று பல்பும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. இந்தப் பல்புகளின் குணமே அதுதான். கரண்ட் போய் வந்ததற்கும் யாரோ சுவிட்சைப் போட்டதற்கும் பல்புக்கு வித்தியாசம் தெரியாது. போனே இல்லாதவர் சுவிட்சைப் போட்டாலும் எரிய வேண்டுமே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் எழுந்து பார்க்கும்போது அத்தை வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். விடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். ஏழு புள்ளிக் கோலம், பாதி முடிந்திருந்தது. மணியைச் சொன்னேன். பதில் பேசாமல் மீதிக் கோலத்தையும் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கரண்ட் திரும்பியதும் பல்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு செயலிக்குள் எங்கோ இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து 'முன்பு இருந்தபடி' என்று மாற்றினோம். இரண்டு பல்பு கேட்டது, மூன்றாவதில் அந்த வசதியே இல்லை. இன்னொன்று, சுவிட்சை மூன்று முறை வேகமாகப் போட்டு அணைத்தால் எங்கள் பல்புகள் பழைய இணைப்பை மறந்துவிட்டுப் படபடவென்று மினுக்கும். புதிதாக இணைப்பதற்கு வைத்திருக்கும் வழி அது. ஆடிக் காற்றில் கரண்ட் வெட்டி வெட்டி வரும்போது பல்புக்கு அதுவே மூன்று முறையாகிவிடுகிறது. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது ஹால் பல்பு கண் சிமிட்டிக்கொண்டிருக்க, அத்தை அதற்கு நேராகக் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்.

அடுத்து வாங்கியது ரிலே. இதுதான் தேறியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிட்டத்தட்ட தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா. வீட்டுக்காரர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நான்கு வாங்கி வந்தார், ஒன்று 850 ரூபாய். நம் ஊர்க் கடைவீதியில் இரண்டு மூன்று எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஸ்மார்ட் பல்பை எடுத்துக் காட்டினார்கள், இது யாரிடமும் இல்லை.

இதில் பல்பு சாதா எல்.இ.டி. பல்பு. சுவிட்சும் பழைய சுவிட்சுதான். இரண்டுக்கும் நடுவில் போர்டுக்குள் ரிலே உட்கார்ந்துகொள்கிறது. சுவிட்ச் இனிமேல் விளக்குக்குப் போகும் கரண்டை வெட்டுவதில்லை. 'தட்டினார்கள்' என்று ரிலேவுக்குச் சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் ரிலே. அதே ரிலேவுக்குப் போன் வழியாகவும் சேதி போகும். அத்தை சொன்னாலும் கேட்கும், ஓசூரிலிருந்து அவர் பிள்ளை சொன்னாலும் கேட்கும்.

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, போர்டில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், இருக்கிறதா என்பது. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். சுற்றுப் படம் ஆயிரம் தடவை வரைந்திருப்பேன், ஆனாலும் வாங்கும்போது இது தோன்றவில்லை. சாதா சுவிட்சுக்கு நியூட்ரல் தேவை இல்லை. கரண்ட் வரும் பேஸ் ஒயரை நடுவில் பிரித்துச் சேர்ப்பதுதான் அதன் வேலை, நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். ரிலே அப்படி இல்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து போனுக்குக் காது கொடுக்க வேண்டும். அதற்குப் பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். எங்கள் வீடு கட்டும்போது ஒயரிங் செய்தவரே. கரண்டை வெட்டும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஹால் போர்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே சிமெண்ட் தூசி, காய்ந்த கரப்பான் இறக்கை, சுண்ணாம்பு உருண்டை மாதிரி இரண்டு பல்லி முட்டை. முட்டையை ஒரு காகிதத்தில் எடுத்து மகன் கையில் கொடுத்துவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் பிரித்தார். ஹால் போர்டில் பிளக் பாயிண்ட் இருப்பதால் கறுப்பு ஒயர், அதாவது நியூட்ரல், வந்திருந்தது. அங்கே கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது, மூடி மட்டும்தான் மூட மாட்டேன் என்றது. பத்து வருடத்துக்கு முந்தைய பெட்டியில் ஏற்கெனவே ஒயர் திணித்திருக்கிறது, அதற்குள் தீப்பெட்டி அளவுக்கு இன்னொன்று எங்கே போகும்? ஒயர்களை மடித்து மடித்து ஓரத்துக்குத் தள்ளி, மூன்று ஸ்க்ரூவை எப்படியோ இறக்கினார்.

அத்தை அறையில்தான் சிக்கல். இரண்டு சுவிட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் இருக்கும் போர்டு. திறந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல கறுப்பே வரல" என்றார். நியூட்ரல் இல்லாமலே ஓடும் ரிலேவும் விற்கிறார்கள். அது விளக்கு வழியாகவே துளிக் கரண்டை இழுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். சின்ன எல்.இ.டி. பல்புக்கு அந்தத் துளியே போதும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது துடிக்கும். அதைத் தடுக்க ஹோல்டரில் ஒரு கெப்பாசிட்டர் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்த அறை பிளக் போர்டிலிருந்து பைப்புக்குள் கம்பி விட்டு ஒரு கறுப்பு ஒயர் இழுத்தார். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு ரிலேவுக்கும் சேர்த்துக் கூலி 1,200 ரூபாய். இந்தக் கூலி எந்த விளம்பரத்திலும் வராது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களே கழற்றலாம் என்று வீடியோக்கள் இருக்கின்றன. 230 வோல்ட் விஷயம், பழகியவர் கையே நல்லது.

ரிலே வந்த பிறகு ஒரு புதுக் குழப்பம் வரும் என்று பயந்தேன். நம் வீடுகளில் சுவிட்ச் கீழே இருந்தால் எரிகிறது, மேலே இருந்தால் அணைந்திருக்கிறது. போனில் அணைத்தால் சுவிட்ச் கீழேயே இருக்கும், விளக்கு எரியாது. திரும்பப் போட சுவிட்சை மேலே தட்ட வேண்டும். இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரே முடித்துவிட்டார்: "மாடிப்படி லைட்டு மாதிரிதான?" ஆமாம், டூ-வே சுவிட்சில் மேல், கீழ் என்பதற்கு அர்த்தமே கிடையாது. பல வருடமாக அதைத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு நான் பாடம் எடுக்கப் போனேன்.

இணையம் போய்விட்டால் என்ன? சுவிட்ச் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். ஆனால் இந்த ரிலேவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் ஒத்துவரும், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகாது. எங்கள் ரௌட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்ததால் முதல் நாள் ஒரு மணி நேரம் வீண். சமையலறை ரிலே இரும்புப் பெட்டிக்குள், ரௌட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது போனுக்கு எட்டாமல் போகும். சமையலறை விளக்கை ஓசூரிலிருந்து யார் போடப் போகிறார்கள், விட்டுவிட்டோம். கரண்ட் செலவு பற்றிக் கேட்பீர்கள்: ஒரு ரிலே சும்மா இருக்கும்போது ஒரு வாட் இழுக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் நான்குக்கும் இரண்டு மாத பில்லில் 6 யூனிட்டுக்குள்தான்.

ஸ்மார்ட் பிளக்கில் பழைய சண்டையே வேறு வேஷத்தில் வந்தது. நம் ஊரில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளக்கை மாட்டி, அதில் நைட் லேம்பையும் கொசு மருந்தையும் செருகினோம். அத்தை காலையில் எழுந்ததும் அந்தச் சுவிட்சை அணைத்துவிடுவார், பிளக் செத்துவிடும். போதாததற்கு அதன் உடம்பு பெரிது, பக்கத்துச் சுவிட்சைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் அதை டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், யார் கையும் போகாத பாயிண்டுக்கு மாற்றினோம். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் சீரியல் செட் அதில்தான். ஆறு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணைகிறது. 700 ரூபாய்க்கு அது போதும்.

இன்னொரு பிளக் 16 ஆம்பியர், 1,100 ரூபாய், கீசருக்கு. 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக்கும் தாங்குமே என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். விளிம்பில் ஓட்டினால் தினம் தினம் சூடேறி பின் கருகும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். விளக்கு ரிலேவில் கீசரை மாட்டும் யோசனையையும் அன்றைக்கே கைவிட்டோம். மார்கழியில் இங்கே விடியற்காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். நாலே முக்காலுக்குப் போட்டு ஐந்து ஐந்துக்கு அணையும்படி வைத்திருக்கிறேன். கீசரை அணைத்தேனா என்று நான்கு ரோடு வரை வந்து யோசிக்கும் வேலை மிச்சம்.

பித்தானைச் சொல்லாமல் விட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். நாணயம் மாதிரி வட்டமான சின்ன பேட்டரியில் ஓடுகிறது, ஒயர் கிடையாது, கட்டில் ஓரம் ஒட்டிவிட்டோம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் படுத்தபடியே அமுக்குகிறார், அறை விளக்கு எரிகிறது. அமுக்கி அரை வினாடி கழித்துத்தான் எரியும், அதற்குள் இரண்டாம் தடவை அமுக்கினால் எரிந்து அணையும். அது இணையம் வழியாகச் சுற்றிவிட்டு ரிலேவுக்கு வருகிறது, ஆகவே இணையம் இல்லாத ராத்திரியில் பித்தான் வெறும் பிளாஸ்டிக். இதற்கென்று பித்தானின் சேதியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் ஹப் ஒன்றைத் தனியாக வேறு வாங்க வேண்டியிருந்தது, இரண்டும் சேர்த்து 2,300. விளக்கு ஒன்றைப் போட இது அதிகம்தான். ஆனால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது நின்றதால் நான் வாய் திறப்பதில்லை.

மூன்று ஸ்மார்ட் பல்பில் ஒன்று மகனின் படிப்பு மேசையில் ஊதாவாக எரிகிறது, இரண்டு பீரோவில் கிடக்கின்றன. ஹால் போர்டில் நான்காவது ஸ்க்ரூ இன்னும் இறங்கவில்லை. மூடி ஒரு மூலையில் துருத்திக்கொண்டிருக்கிறது, ஆழமான பெட்டி மாற்ற வேண்டுமாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். இது மூன்றாவது ஞாயிறு.