நியூகிரேஞ்ச் கல்லறைச் சுற்றுலா: காசுக்கு ஏற்ற இருட்டு

டிசம்பர் 21-ஆம் தேதி அயர்லாந்தில் பகல் ஏறக்குறைய ஏழரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு நாள்தோறும் பகல் ஒரு சேவலடி, அதாவது சேவல் எடுத்துவைக்கும் ஓரடி அளவு, வளர்கிறது என்பது அந்நாட்டுப் பழமொழி. அந்தச் சேவலடியின் அருமையை உணர விரும்புவோர், மீத் மாவட்டத்தில் பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்சுக்கு ஜனவரியில் போக வேண்டும். நாங்கள் மாத இறுதியில் போனோம். உள்ளறைக்கும் சேர்த்துச் சீட்டு எடுப்பதே நல்லது; வெளியே மட்டும் சுற்றிப் பார்த்தால் பாதி விருந்துதான்.

சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட அந்தக் கல்லறைக்குள் 19 மீட்டர் நீளமுள்ள இடைவழி செல்கிறது. ஒருவர் பின் ஒருவராக, சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பி, குளிர்ந்த கல் தோளில் உரச நடக்க வேண்டியிருக்கும். உள்ளே சென்றதும் வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு, குளிர்காலச் சூரிய உதயத்தை மின்விளக்கால் காட்டுகிறார். தரையில் நூலாக வந்த ஒளி மெல்ல அகன்றபோது, அது வெறும் மின்விளக்கு என்பதை நான் மறந்தே போனேன். உண்மையான சூரிய ஒளி டிசம்பர் 21-ஐ ஒட்டிய விடியல்களில் மட்டும் உள்ளே நுழைந்து 17 நிமிடம் நிற்கும். அதைக் காணும் வாய்ப்பு குலுக்கலில்தான் கிடைக்கும்.

வழிகாட்டி விரும்பிச் சொன்ன கதை இந்த ஒளியைப் பற்றியது. 1726-இல் தாமஸ் மாலினியூ என்ற அறிஞர் இதைக் கட்டியவர்கள் டேனியர்கள் என்று எழுதினார். அன்று அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேயரின் மொழியில் எழுதியவர்களுக்கு, உள்ளூர் மக்களின் முன்னோர் இப்படியொன்றைக் கட்டியிருப்பார்கள் என்று நம்புவது எளிதாக இருக்கவில்லை போலும். ஆனால், ஏதோ ஒரு நாளில் சூரியன் உள்ளே நுழைந்து மூன்று சுழிகள் கொண்ட கல்லைத் தொடும் என்று அக்கம்பக்கத்தார் வாய்வழியாகச் சொல்லி வந்தார்கள். அகழ்வாராய்ச்சியாளர் ஓ'கெல்லி அதைக் காதில் வாங்கிக்கொண்டு 1967 டிசம்பர் 21 அன்று விடியற்காலையில் உள்ளே காத்திருந்தார், ஒளி வந்தது. ஏடு மறந்ததை வாய் மறக்கவில்லை.

அந்த ஒளி உள்ளே நுழைவது காலை 8.58 மணிக்கு. அதுவும் லண்டன் கடிகாரத்தின் கணக்கு. அயர்லாந்துக்கென 25 நிமிடம் 21 வினாடி பின்தங்கிய தனி நேரம் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி நடந்த சில மாதங்களில், அக்டோபர் 1 அன்று, பிரிட்டன் அதை ஒழித்தது. எங்கள் குழுவில் வந்த டிரோகெடா ஊர்ப் பெரியம்மா ஒருவர், 1649-இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல் தம் ஊரை அழித்ததைப் போன மாதம் நடந்ததுபோலச் சொன்னார். 1690-இல் இங்கிலாந்தின் வில்லியம் மன்னர் வென்ற போர்க்களமும் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடிக்காதது முன்புறச் சுவர். 1970-களில் வெள்ளைக் கற்களை அடுக்கி அதை மீட்டெடுத்ததைத் தொல்லியலாளர் பலர் ஏற்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் அளவுக்கு மீறிப் புத்தம் புதிதாக இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை; நல்ல விதிதான்.

டப்ளினிலிருந்து எங்களை அழைத்துவந்த தனியார் வேன் திரும்பும்போது அரை மணி தாமதமாக வந்தது, பெயர் சொல்வானேன். நிறுத்தத்தில் நின்றிருந்த பெரியம்மா கோபப்படவே இல்லை. மணி ஐந்தை நெருங்கியும் அவர் கையிலிருந்த நேர அட்டவணையை விளக்கில்லாமல் படிக்க முடிந்தது. அதைத்தான் அவர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.