சின்னத் தோட்டத்துக்கு எந்த இங்கிலீஷ் ரோஜா? மறந்துபோன நான்கு குட்டை ரகங்கள்

டேவிட் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர் பழங்கால ரோஜாக்களையும் புது ரோஜாக்களையும் கலந்து உருவாக்கிய இங்கிலீஷ் ரோஜா என்றதும் பெரும்பாலோர் சொல்வது கெர்ட்ரூட் ஜெகில், கிரகாம் தாமஸ் என்ற இரண்டு பெயர்களைத்தான். இரண்டுமே அருமையான செடிகள். ஆனால் இங்கிலாந்தின் வரிசை வீடுகளில் வாசலுக்கும் நடைபாதைக்கும் நடுவே கிடைக்கும் துண்டு மண்ணில் அவற்றை வைத்தால், சில வருடங்களில் போகிறவர் வருகிறவர் சட்டையிலெல்லாம் முள் மாட்டும். அந்த இடத்துக்கு வேண்டியது இடுப்பளவு உயரம் தாண்டாத ஒரு புதர். பூ மட்டும் அதே பழங்கால அழகில், இதழ் இதழாக அடுக்கி, மணத்தோடு இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட செடிகள் டேவிட் ஆஸ்டினின் பழைய ரகங்களில் இருக்கின்றன. ஷ்ராப்ஷயரில் ஆல்பிரைட்டன் என்ற ஊரில் இருந்த ஆஸ்டின், பெல் இசிஸ் என்ற பழங்கால காலிக்கா ரோஜாவையும், டெய்ன்டி மெய்ட் என்ற, கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வகை ரோஜாவையும் கலந்து 1961-ல் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை ரோஜாவை வெளியிட்டார். அது வருடத்துக்கு ஒரே தடவை பூக்கும் பெரிய செடி. அதன் சந்ததியை மறுபடி மறுபடி பூக்கும் ரோஜாக்களோடு கலந்து கிடைத்த முதல் தொகுப்பு 1969-ல் வந்தது. 1983 செல்சி மலர்க் கண்காட்சியில் மேரி ரோஸும் கிரகாம் தாமஸும் புகழ் பெற்ற பிறகு, சின்னச் செடிகளைப் பற்றிப் பேசுவதே குறைந்துவிட்டது.

நான் இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு: வைஃப் ஆஃப் பாத் (1969), ஃபேர் பியாங்கா (1982), ப்ரெட்டி ஜெசிகா (1983), ஆம்பிரிட்ஜ் ரோஸ் (1990). நான்கும் ஏறத்தாழ 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். எனவே உயரத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இலை உதிர்ந்த பிறகோ, கிளை காய்ந்த பிறகோ செடி என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய புதருக்குப் பாதி இலை போனாலும் கிளைகளிலும் வேரிலும் சேமிப்பு இருக்கும். குட்டைச் செடிக்கு அந்த வசதி குறைவு. மழை மிகுந்த ஒரு கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டால் அடுத்த வருடப் பூவையே அது பாதிக்கும்.

பூவை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் என் ஓட்டு ஃபேர் பியாங்காவுக்கு. மொட்டில் லேசாகச் சிவப்பு தொட்டிருக்கும், விரிந்தால் தூய வெள்ளை. முதலில் கிண்ணம் மாதிரி இருந்து, பிறகு தட்டையாக விரிந்து, நூற்றுக்கும் குறையாது என்று தோன்றும் அளவுக்கு இதழ்கள் நெருக்கியடித்து நிற்கும். நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். இதற்கு இணையான அமைப்பு பழைய டமாஸ்க் ரோஜாக்களில்தான் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு முறை பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். இது அப்படியல்ல.

சிக்கல் மழையில்தான் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் நாலு நாள் தொடர்ந்து தூறினால் போதும். விரியப்போன மொட்டின் வெளி இதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்து வெயில் பட்டதும் அவை பழுப்பேறி, காகித ஓடு மாதிரி இறுகிவிடும். உள்ளே இருக்கும் இதழ்கள் நல்லபடியாகவே இருந்தாலும் வெளியே வர வழியில்லாமல் அழுகும். வெளியே இருக்கும் இரண்டு மூன்று இதழ்களை விரல் நகத்தால் மெதுவாகக் கிழித்து எடுத்துவிட்டால் சில மொட்டுகள் பிழைத்துக்கொள்ளும். செடி முழுக்க இதைச் செய்துகொண்டிருக்க நேரம் வேண்டும். அதனால் ஃபேர் பியாங்காவை மான்செஸ்டர் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். மழை குறைந்த கிழக்கு ஆங்கிலியா பக்கம், தெற்கு பார்த்த சுவரோரம், கூரைச் சாரல் படாத இடம் என்றால் தாராளமாக வைக்கலாம். வெயில் நாடுகளில் மற்ற இங்கிலீஷ் ரோஜாக்கள் இரண்டு மடங்கு வளர்ந்து நிற்கும்போதும் இது அடக்கமாகவே இருக்கும் என்பது இதன் தனிச் சிறப்பு.

ப்ரெட்டி ஜெசிகாவுக்கு மழையைவிட இலைதான் பிரச்சினை. பூவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடர்ந்த, சூடான ரோஸ் நிறம். உருண்ட கிண்ண வடிவம். மூக்கை வைத்தால் பழைய ரோஜாவின் அசல் மணம். பன்னீர் ரோஜா மணத்துக்குப் பழகிய நம்மவர்கள் இந்த நான்கில் முதலில் மயங்குவது இதற்குத்தான். ஆனால் இலை பிறவியிலேயே குறைவு. நிமிர்ந்த குச்சிகள், உச்சியில் பூ, அடிப்பகுதி மொட்டை. அதோடு கரும்புள்ளி நோயும் எளிதில் வந்துவிடும்.

கரும்புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்தில் ரோஜாவின் தலையெழுத்தைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சைதான் காரணம். இலை தொடர்ந்து பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அதன் வித்துகள் முளைக்கும். மழைத்துளி தெறிக்கும்போது ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குத் தாவும். ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும் கறுப்புப் புள்ளியும், அதைச் சுற்றிப் பரவும் மஞ்சளும் அடையாளம். அப்புறம் காம்பை லேசாகத் தொட்டாலே இலை கையோடு வந்துவிடும். உதிர்ந்த இலையிலும் குச்சியிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மறுபடி கிளம்பும். விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது, கவாத்தின்போது புள்ளி விழுந்த குச்சிகளை வெட்டி எறிவது, தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுவது ஆகிய மூன்றையும் விடாமல் செய்பவருக்குத்தான் ப்ரெட்டி ஜெசிகா. மருந்தும் அடிக்க மாட்டேன், இலையும் பொறுக்க மாட்டேன் என்பவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஆம்பிரிட்ஜ் ரோஸ் இந்த இரண்டையும்விடச் சமர்த்து. பிபிசி வானொலி நாடகம் ஒன்றில் வரும் கற்பனைக் கிராமத்தின் பெயர் இது. நடுவில் ஏப்ரிகாட் நிறம், ஓரத்துக்குப் போகப் போக வெளிறிய இளஞ்சிவப்பு. செடி கச்சிதமாக, உருண்டையாக வளரும். பூவும் குறைவில்லாமல் வரும். தொட்டியில் வைக்க இந்த நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். தொட்டி மட்டும் 45 செ.மீ. அகலமும் அதே ஆழமும் இருக்க வேண்டும். ரோஜா வேர் ஆழம் தேடும். சின்னத் தொட்டியில் ஜூலை வெயிலுக்கே வாடிவிடும்.

இனி வைஃப் ஆஃப் பாத். இடைக்கால ஆங்கிலக் கதையொன்றில் ஐந்து கல்யாணம் செய்துகொண்டு, அதைப் பற்றிக் கொஞ்சமும் கூச்சப்படாமல் பேசும் பெண்மணியின் பெயர். செடியைப் பார்த்தால் அந்தத் தெம்பு தெரியாது. குச்சிகள் மெலிசு, நுனியிலிருந்து காய்ந்து வரும் பழக்கமும் உண்டு. மார்ச்சில் இதை முதல் முறை பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். ஆனால் காய்ந்த குச்சியை, உள்ளே வெள்ளையாக உயிர்த் தண்டு தெரியும் வரை வெட்டிக்கொண்டே வந்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். அடியிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் புதுத் துளிர்கள் கிளம்பும். ஒவ்வொரு வருடமும் பழையதைக் கழித்துவிட்டு அடியிலிருந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இதன் சுபாவம்.

இந்தக் கெட்டித்தனம் ரத்தத்தில் வந்தது என்றே நினைக்கிறேன். தாய் வழியில் இருப்பது மேடம் கரோலின் டெஸ்டௌட், 1890-ல் பிரான்சில் பிறந்த ரோஜா. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில் தெருவோரமெல்லாம் ஆயிரக்கணக்கில் நட்டுப் புகழ்பெற்றது அதுதான். தந்தை வழியில் மா பெர்கின்ஸ் என்ற ஃப்ளோரிபண்டாவும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும். பூ மற்ற மூன்றைப் போல ஆடம்பரமானதல்ல. நடுவில் நல்ல ரோஸ், ஓரத்தில் வெளிறல், அளவான இதழ்கள், சின்னக் கிண்ணம். இதழ் நெருக்கம் குறைவு என்பதே மழையில் இதற்குக் கைகொடுக்கிறது. நனைந்தாலும் மொட்டு திறந்துவிடும்.

மணத்தில் ஜெசிகா தனி. மற்ற மூன்றும் மிர் மணம் என்று ரோஜாக்காரர்கள் சொல்லும் வகை; பெல் இசிஸ் வழியாக வந்த சொத்து. சோம்பின் சாயல் கொண்ட மணம் அது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு மருந்து வாடையாகப் படும். வாங்குவதற்கு முன் எங்கேயாவது ஒரு பூவை முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது. மூன்றில் ஃபேர் பியாங்காவில் அது தூக்கலாக இருக்கும்.

நோயே வேண்டாம், பெயர் பற்றிக் கவலையில்லை என்பவருக்கு 1994-ல் வந்த மோலினோ இருக்கிறது. வுல்வர்ஹாம்ப்டன் கால்பந்து அணியின் மைதானப் பெயர் கொண்ட மஞ்சள் ரோஜா. ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டியின் சோதனைத் தோட்டத்தில் செடிக்கும் மணத்துக்கும் பதக்கம் வாங்கியது. இலை ஆரோக்கியத்தில் நம் நான்கும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் செடி அது. சின்ன இடத்தில் மற்ற பூச்செடிகளோடு இழைந்து, குழைந்து நிற்கும் அழகு வைஃப் ஆஃப் பாத்துக்குத்தான் உண்டு. ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் நான் அதைத்தான் வைப்பேன். தொட்டி என்றால் ஆம்பிரிட்ஜ். மீதி இரண்டும் பூவுக்காக உழைக்கத் தயாராக இருப்பவர்களுக்கு.

நடுவதில் நான்குக்கும் முறை ஒன்றே. நவம்பர் முதல் மார்ச் வரை மண் இல்லாமல் வேரோடு வரும் செடிகளை வாங்குவதுதான் விலையும் குறைவு, பிடிப்பும் நல்லது. வந்ததும் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் 5 செ.மீ. போகும்படி நடவும். பழைய ரோஜா இருந்த குழியில் புது ரோஜாவை வைத்தால் தேறாது. வேறு இடமே இல்லையென்றால் 45 செ.மீ. ஆழ அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, ரோஜா வளராத இடத்து மண்ணை மக்கிய எருவோடு நிரப்ப வேண்டும். அட்டைப் பெட்டி ஒன்றைக் குழியில் இறக்கி அதற்குள் புது மண்ணைப் போட்டு நடுவது இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் பழைய உத்தி. அட்டை மக்குவதற்குள் வேர் ஊன்றிவிடும்.

இடமிருந்தால் ஒரே ரகத்தில் மூன்று செடிகளை 45 செ.மீ. இடைவெளியில் முக்கோணமாக வைத்துப் பாருங்கள். மெலிந்த இந்த ரகங்கள் அப்போது ஒரே புதராகச் சேர்ந்து நிறைவாகத் தெரியும். ஜெசிகாவின் மொட்டை அடிக்கு முன்னால் கேட்மின்ட்டோ, குட்டையான ஜெரேனியமோ வைத்தால் மறைந்துவிடும்; ஆனால் காற்று புகாத அளவுக்கு நெருக்கக் கூடாது.

கவாத்து ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள். ஆம்பிரிட்ஜையும் பியாங்காவையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். வைஃப் ஆஃப் பாத்தில் அளவு பார்க்காமல் காய்ந்ததையும் கிழடு தட்டியதையும் முழுதாக எடுத்துவிடலாம். உரம் மார்ச் இறுதியில் ஒரு தடவை, முதல் பூப்பு முடிந்ததும் இன்னொரு தடவை. ஆகஸ்டுக்குப் பிறகு வேண்டாம். அப்போது வரும் இளம் தளிரை உறைபனி கருக்கிவிடும். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளினால்தான் அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

வாங்குவதுதான் இவற்றில் கஷ்டமான பகுதி. ஆஸ்டின் நிறுவனம் நோய் தாங்கும் புது ரகங்களைக் கொண்டுவரக் கொண்டுவரப் பழையவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பழைய ரோஜாக்களில் அக்கறை உள்ள நர்சரிகளில்தான் விசாரிக்க வேண்டும். செடி வைத்திருக்கும் தோட்டக்காரர் யாரையாவது தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். பிரிட்டனில் ஒரு ரோஜா ரகத்தை உருவாக்கியவருக்கு அதன்மேல் உள்ள உரிமை அதிகபட்சம் 25 வருடம்தான். 1990-ல் வந்த ஆம்பிரிட்ஜுக்கே அந்தக் காலம் முடிந்துவிட்டது. எனவே தாராளமாகக் குச்சி கேட்டு வாங்கலாம்.

அக்டோபர், நவம்பரில் அந்த வருடம் முற்றிய பென்சில் தடிமன் குச்சியை 25 செ.மீ. நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வைஃப் ஆஃப் பாத்தில் அவ்வளவு தடிமன் கிடைக்காது. கிடைப்பதில் தடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மணல் தூவிய பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, அடுத்த இலையுதிர்காலம் வரை அசைக்காமல் விட வேண்டும். எல்லாக் குச்சியும் பிடிக்காது, அதனால் நாலைந்தாக நடவும். இந்த முறை வைஃப் ஆஃப் பாத்துக்கு விசேஷமாகப் பொருந்துகிறது. ஒட்டுச் செடியில் அடியிலிருந்து வரும் துளிர் சில சமயம் அடிவேர்ச் செடியின் காட்டுத் துளிராக இருந்துவிடும். சொந்த வேரில் நிற்கும் செடிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. குளிரில் மேலே முழுதும் காய்ந்தாலும், தரையிலிருந்து வருவது வைஃப் ஆஃப் பாத்தாகவே இருக்கும்.