காக்கி வேலையோடு பட்டப்படிப்பு: இக்னோ பி.ஏ. சரிவருமா?

ஸ்டேஷனிலோ ஆயுதப்படையிலோ இருந்துகொண்டே பட்டம் முடிக்க நினைக்கும் தமிழ்நாட்டுக் காவலருக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலை) பி.ஏ. சரிவரும். இணைய வகுப்புகளோ பாடநூல்களோ அதற்குக் காரணமில்லை. பந்தோபஸ்துக்குப் போய்த் தேர்வைத் தவறவிட்டவரை இந்தப் படிப்பு வெளியே தள்ளுவதில்லை. தேர்வு ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. ஒரு தாளை எழுத முடியாவிட்டால் நஷ்டம் 200 ரூபாய் தேர்வுக் கட்டணமும் ஆறு மாதமும்தான். மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. வேலை நேரம் நம் கையில் இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

சேருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால், பிளஸ் டூ முடிக்காமல் பணியில் இருப்பவர்கள் பலர். பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலையில் வாங்கிய பட்டத்தை வேலைவாய்ப்புக்கோ பதவி உயர்வுக்கோ தமிழக அரசு ஏற்பதில்லை. 2009-இல் வந்த அரசாணை எண் 107 இதைத் தெளிவாகச் சொல்கிறது. எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கு இருக்கும் 20 சதவீத ஒதுக்கீட்டை மனதில் வைத்துப் படிப்பவர், தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முடித்துவிட்டுத்தான் பி.ஏ.வுக்கு வர வேண்டும். குறுக்குவழியில் மூன்று வருடத்தைப் போக்கினால் அது திரும்பி வராது.

துறைக்கு எழுதிக் கொடுத்து முன் அனுமதி வாங்குங்கள். மனுவின் நகலில் பெறப்பட்ட தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. முழுக்க இணையத்தில்தான். டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. ஐடி (கல்வி கிரெடிட் வங்கி எண்) எடுத்து, அதை வைத்து யு.ஜி.சி. தளத்தில் டி.இ.பி. ஐடி (தொலைநிலைக் கல்விப் பிரிவின் எண்) உருவாக்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சிலருக்கு அப்பா பெயரே முழுதாக ஒட்டியிருக்கும். முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு ஐடி எடுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகத் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

படிப்பின் பாரத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 180 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் தினமும் ஒரு மணி நேரம். பி.ஏ.வில் ஏறக்குறைய 24 தாள்கள். தேர்வுக்கு இரண்டு தாள் வீதம் எழுதினால் பன்னிரண்டு தேர்வு, அதாவது ஆறு வருடமும் சரியாகத் தீர்ந்துவிடும். ஒரு தேர்தல் பந்தோபஸ்து வந்தாலே கணக்கு உதைக்கும். மூன்று தாள் வீதம் என்றால் நான்கு வருடத்தில் முடியும், இரண்டு வருடம் கையிருப்பாக நிற்கும். மூன்றுதான் சரியான அளவு. ஆர்வத்தில் ஆறு தாளுக்குப் பணம் கட்டுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்), 70 சதவீதம் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியே 35 சதவீதம் எடுக்க வேண்டும். 6 கிரெடிட் தாளின் ஒப்படைப்பில் பொதுவாக 500 சொல்லில் இரண்டு கேள்வி, 250 சொல்லில் மூன்று, 100 சொல்லில் ஐந்து இருக்கும். மொத்தம் 2,250 சொற்கள், அத்தனையும் கையால். நைட் டூட்டி முடித்து ஓய்வில் இருக்கும் இரண்டு பகல் போதும். கேள்விகள் வருடத்துக்கு வருடம் மாறும். வாட்ஸ்அப் குழுவில் வரும் போன வருடப் பி.டி.எஃப்.பைப் பார்த்து எழுதினால் உழைப்பு வீண். கொடுத்ததற்கு ரசீதோ பதிவேற்றிய திரைப்பிடிப்போ கட்டாயம் வையுங்கள். இணையத்தில் காட்டும் மதிப்பெண் பட்டியலில் ஒப்படைப்பு மதிப்பெண் ஏறாமல் நின்றால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.

அச்சுப் புத்தகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பாடமும் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. காவலுக்கு நிற்கும் பாரா டூட்டியில் போனில் படிப்பது முறையல்ல; ஆனால் பந்தோபஸ்துக்குப் போகும் வேன் பயணம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இந்தப் படிப்பு மன்னிக்காத ஒன்று மறுபதிவு. இரண்டாம் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் அந்தந்தச் சமயத்தில் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். முதல் வருடத் தாள்கள் பாக்கி இருந்தாலும் பதியலாம், பதியத்தான் வேண்டும். 'அரியர் முடியட்டும்' என்று இருப்பவர்கள்தான் கையிருப்பு வருடங்களை இழக்கிறார்கள். கடைசித் தேதியைப் போனிலும் நோட்டுப் புத்தகத்திலும் குறித்து வையுங்கள்.

குறை என்று பார்த்தால் மொழி. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்தவருக்கு இது கடினம் என்பதோடு, அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீடும் கைவிட்டுப் போகும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் கேட்கும் பதவிக்குப் பள்ளியோடு பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டை நம்பியிருப்பவர் இக்னோவை விட்டுவிட்டு, சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலையின் தமிழ்வழிப் படிப்புகளை முதலில் பார்க்கட்டும். சட்டப்படிப்பு ஆசை இருப்பவர்கள் கவனிக்க: எல்.எல்.பி.யைத் தொலைநிலையிலோ இணையத்திலோ படிக்க பார் கவுன்சில் அனுமதிப்பதில்லை. அப்படி யார் விற்றாலும் பணம் கட்டாதீர்கள்.

டிசம்பர் தேர்வு பெரும்பாலும் ஜனவரி வரை நீளும். திருவண்ணாமலை தீபம், சபரிமலை சீசன், புத்தாண்டு, ஜல்லிக்கட்டு என எல்லா பந்தோபஸ்தும் அதே நாட்களில்தான். அதனால் கடினமான தாள்களை ஜூனுக்கு வையுங்கள். ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வரும். அதுவரை பொறுக்காமல், தேர்வு அட்டவணை வந்த அன்றே அதன் நகலோடு இன்ஸ்பெக்டரிடமோ ஆயுதப்படை ஆர்.ஐ.யிடமோ (ரிசர்வ் இன்ஸ்பெக்டர்) விடுப்பு மனுவைக் கொடுங்கள். டூட்டி போடும் ரைட்டரிடம் தேதிகளை எழுதிக் கொடுத்து, ஹால் டிக்கெட் வந்ததும் அதையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.