அம்மாவின் முறுக்கு டின்னும் வல்லுநரின் நிதியும்: பத்தாண்டு வைத்திருந்து பார்த்த கணக்கு

2015 ஜனவரியில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை ஒரு சின்ன மாற்றம் செய்தது. அதுவரை ஒரு லாட், அதாவது வழக்கமாக ஒரு தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, 1,000 பங்கு. அதை 100 ஆகக் குறைத்தார்கள். 20 வெள்ளி விலையுள்ள பங்கைத் தொட 20,000 வெள்ளி வேண்டியிருந்தது போய், 2,000 போதும் என்றானது. மாதச் சம்பளக்காரனான எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. பங்கு தேர்ந்தெடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற சாதாரண ஆளைவிட உண்மையிலேயே நன்றாகச் செய்கிறாரா? சொந்தப் பணத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று அந்த மாதம் முடிவு செய்தேன்.

மூன்று கூடை. ஒவ்வொன்றிலும் 10,000 வெள்ளி.

முதலாவது, வங்கிக் கிளையில் ஆலோசகர் சொல்லி வாங்கிய யூனிட் டிரஸ்ட். பலருடைய பணத்தைச் சேர்த்து, ஒரு மேலாளர் பெரும்பாலும் சிங்கப்பூர்ப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நிதி. இதை மட்டும் மசேநிதி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டேன். இரண்டாவது, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இடிஎஃப், அதாவது சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் நிதி. அதில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. குறியீட்டிலுள்ள 30 நிறுவனங்களும் அவற்றின் பருமனுக்கு ஏற்ப இருக்கும். மூன்றாவது, அம்மா.

அந்த 30 நிறுவனங்களின் பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, தீபாவளி முறுக்கு வைத்திருந்த காலி டின்னில் போட்டேன். ஜார்டின் மாத்திசன் சீட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டேன். அதில் 100 பங்கே ஆறாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். அம்மா டின்னைக் குலுக்கினார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு பட்டுவிடக் கூடாது என்று நுனியில் பிடித்துக் கொடுத்தார். ஒரு உள்ளூர் வங்கி, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம், ஒரு போக்குவரத்து நிறுவனம், ஒரு நிலக் கட்டுமான நிறுவனம், கடல்சார் தொழில் செய்யும் ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 வெள்ளி.

"இது 4டி எண் எடுக்கிற மாதிரிதானே தம்பி?" என்று கேட்டார். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. 4டி லாட்டரியில் சராசரியாகப் போட்ட பணத்தைவிடக் குறைவாகவே திரும்ப வரும்படிதான் பரிசுகளை வைத்திருக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் வாங்கியவர்களுக்கு நட்டம். பங்கில் எதைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலும், அதன் பின்னால் தினமும் கடை திறந்து வியாபாரம் செய்கிற ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் லாபத்திலிருந்து பங்கு வைத்திருப்பவர்களுக்கு டிவிடெண்ட் வருகிறது. அதனால்தான் கண்ணை மூடி எடுப்பது இங்கே அவ்வளவு மோசமாகப் போவதில்லை.

2025 ஜனவரியில் மூன்றையும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். டிவிடெண்ட் உட்பட, இடிஎஃப் ஏறத்தாழ 15,000 வெள்ளியாக இருந்தது. வல்லுநரின் யூனிட் டிரஸ்ட் 12,600. அம்மாவின் டின் 12,000க்குச் சற்று மேல். ஆக, வல்லுநர் அம்மாவை 500 வெள்ளி போல முந்தினார். எதையுமே தேர்ந்தெடுக்காத கூடை இருவரையும் நன்றாகவே முந்தியது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றிரவு இன்னொரு கணக்கும் போட்டேன். யூனிட் டிரஸ்டில் போட்ட 10,000 வெள்ளியை மசேநிதி சாதாரணக் கணக்கிலேயே விட்டிருந்தால், ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் 12,800 ஆகியிருக்கும். வீட்டுக் கடனுக்கும் ஓய்வுக்காலத்துக்கும் வைத்திருந்த பணம் அது. 2020 மார்ச்சில் குறியீடு 2,300க்குக் கீழே விழுந்தபோது தூக்கமில்லாமல் கிடந்தது எல்லாம் எதற்கு என்று நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால், அந்த நிதி மேலாளர் மோசமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வாங்கும்போதே விற்பனைக் கட்டணம் 3 விழுக்காடு. 300 வெள்ளி போய், 9,700 தான் உள்ளே சென்றது. பிறகு ஆண்டுதோறும் 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். இது தனியாக எந்தப் பில்லிலும் வராது. யூனிட் விலையிலேயே கழிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் யூனிட் எண்ணிக்கை, யூனிட் விலை, மொத்த மதிப்பு என்று மூன்று கட்டங்கள்தான். பத்தாண்டில் நான் கட்டியது எவ்வளவு என்று உத்தேசமாகக் கூட்டிப் பார்த்தேன். விற்பனைக் கட்டணத்தோடு சேர்த்து 1,900 வெள்ளி தாண்டியது. அதைத் திரும்ப வைத்தால் வல்லுநரின் கூடை 14,500ஐ எட்டியிருக்கும். குறியீட்டுக்கு மிக அருகில். இடிஎஃபில் ஆண்டுச் செலவு 0.3 விழுக்காட்டை ஒட்டித்தான்.

மசேநிதிப் பணத்தில் வாங்கும் முதலீடுகளுக்கு அந்த விற்பனைக் கட்டணத்தின் உச்சவரம்பை 2018 அக்டோபரில் 1.5 விழுக்காட்டுக்கும், 2020 அக்டோபரில் சுழியத்துக்கும் இறக்கினார்கள். நல்ல முடிவு. எனக்குத்தான் அது ஐந்தாண்டு தாமதம். ரொக்கப் பணத்தில் வாங்குபவர்கள் அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்கும்போது ஆலோசகர் அந்த நிதி மேலாளரின் முந்தைய ஐந்தாண்டுச் சாதனையைக் கோட்டுப்படம் போட்டுக் காட்டினார். நான்காம் ஆண்டில் ஒரு கடிதம் வந்தது: மேலாளர் மாறிவிட்டார். யாருடைய கெட்டிக்காரத்தனத்தை நம்பிக் கட்டணம் கட்டினேனோ அவர் வேறிடம் போய்விட்டார். கட்டணம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் கேள்வி புதிதில்லை. கண்ணைக் கட்டிய குரங்கு செய்தித்தாளின் பங்குப் பக்கத்தில் அம்பு எறிந்து தேர்ந்தெடுத்தாலும் வல்லுநர்களுக்கு இணையாக வரும் என்று பர்ட்டன் மால்கியேல் என்ற பொருளியல் பேராசிரியர் 1973இல் எழுதினார். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அதை 1988 முதல் போட்டியாகவே நடத்தியது. குரங்குக்குப் பதில் ஊழியர்கள் அம்பு எறிந்தார்கள். 1998இல் 100 போட்டிகள் முடிந்தபோது வல்லுநர்கள் 61 முறை அம்பை வென்றிருந்தார்கள். சராசரி ஆதாயம் அவர்களுக்கு 10.8 விழுக்காடு, அம்புக்கு 4.5.

இதைப் படித்தபோது வல்லுநர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமோ என்று நினைத்தேன். ஆனால் அதே 100 போட்டிகளில் டோ ஜோன்ஸ் குறியீட்டை அவர்கள் முந்தியது 51 முறைதான். நாணயம் சுண்டியது போலத்தான். அதிலும் அவர்கள் தேர்ந்தெடுத்தவை ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பங்குகள். நாளிதழில் பெயர் வந்ததுமே வாசகர்கள் வாங்கக் குவிந்ததால் விலை ஏறியதும் உண்டு. கட்டணம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பந்தயம் பலருக்குத் தெரிந்திருக்கும். 2008 முதல் 2017 வரை பத்தாண்டு. எதிர்த் தரப்பு பல ஹெட்ஜ் நிதிகளில் (பெரும் பணக்காரர்களும் பெரிய நிறுவனங்களும் பணம் போடும், கட்டணம் அதிகமான நிதிகள்) முதலிடும் ஐந்து நிதிகளைத் தேர்ந்தெடுத்தது. பஃபெட் சாதாரணக் குறியீட்டு நிதியை எடுத்தார். அது 125.8 விழுக்காடு வளர்ந்தது. அந்த ஐந்தில் மிகச் சிறந்தது 87.7; மிக மோசமானது 2.8 மட்டுமே. ஐந்தில் ஒன்றுகூட முந்தவில்லை.

வல்லுநர்களுக்கு அறிவு குறைவு என்று நான் சொல்லவில்லை. காரணம் வேறு. இன்றைக்கு ஒரு பங்கை ஒருவர் வாங்குகிறார் என்றால் இன்னொருவர் விற்கிறார். இரண்டு பக்கமும் படித்தவர்கள், இரண்டு பக்கமும் அதே அறிக்கையைப் பார்த்தவர்கள். ஒருவர் சராசரியை முந்தினால் இன்னொருவர் பிந்தித்தான் ஆக வேண்டும். எல்லாரையும் கூட்டினால் சராசரிதான் வரும். அதிலிருந்து கட்டணம் கழியும். வில்லியம் ஷார்ப் என்ற பொருளியல் அறிஞர் 1991இல் இதை ஒரு கூட்டல் கழித்தல் கணக்காகவே எழுதிக் காட்டிவிட்டார்.

சரி, அம்மாவின் டின் ஏன் பின்தங்கியது? அதைத் தோண்டியபோதுதான் நான் அதிகம் கற்றேன். ஐந்தில் வங்கிச் சீட்டு ஒன்று மட்டும் டிவிடெண்டோடு ஏறத்தாழ மூன்று மடங்கானது. தொலைத்தொடர்பு சற்றே மேலே. நிலக் கட்டுமானம் போட்ட இடத்திலேயே. போக்குவரத்து கொஞ்சம் நட்டம். கடல்சார் சீட்டு மூழ்கியே போனது. 2,000 வெள்ளியில் 200 கூட மிஞ்சவில்லை. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30க்குக் கீழே போனது. அந்தத் துறையே தலைகீழானது.

அந்த ஒரு வங்கிச் சீட்டு வராமல் போயிருந்தால் டின் முழுவதுமே நட்டம். அதே 29 சீட்டுகளை வைத்து, காகிதத்தில் மட்டும், இருபது தடவை எடுத்துப் பார்த்தேன். வங்கிச் சீட்டு வந்த எடுப்புகள் செழித்தன, வராதவை திணறின. குறியீட்டை முந்தியவை பாதிக்கும் குறைவு. இன்று குறியீட்டின் எடையில் கிட்டத்தட்ட பாதி மூன்று உள்ளூர் வங்கிகள்தான் என்பதை நினைத்தால் இது புரிந்துவிடும். ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற ஆய்வாளர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கப் பங்குகளைப் பார்த்தபோது, சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு நிறுவனங்களிலிருந்தே வந்திருந்தது. ஐந்து சீட்டு எடுத்தால் அந்தச் சிலது கையில் சிக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். இருபது எடுத்தால் நிலைமை வேறு. ஆனால் அப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் புரோக்கர் கமிஷன் குறைந்தது 25 வெள்ளி. அம்மாவின் ஐந்துக்கே 125 போனது.

அதனால் இந்தச் சோதனையில் அம்மா தோற்றார், வல்லுநர் ஜெயித்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஒரு தடவை எடுத்ததும் ஒரு மேலாளரின் பத்தாண்டும் அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்துக் காட்டப் போதாது. என் மூன்று கூடையிலும் முதல் நாளே உறுதியாகத் தெரிந்திருந்தது ஒன்றுதான்: கட்டணம்.

'இந்தப் பங்கை வாங்கு' என்று காப்பிக்கடையில் காதோடு சொல்லும் டிப்ஸ் பற்றி ஒரு வரி. 2013 அக்டோபரில் இங்கே மூன்று சிறு நிறுவனப் பங்குகள் சரிந்து, சில நாள்களில் 800 கோடி வெள்ளி மதிப்பு காணாமல் போனது. அந்த வகையை நான் கூடையாகவே எண்ணவில்லை.

யூனிட் டிரஸ்டை விற்றுவிட்டேன். பணம் சாதாரணக் கணக்குக்கே திரும்பியது. இடிஎஃபில் மாதாமாதம் சேர்க்கிறேன். டின்னை விற்கவில்லை. அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது. டிவிடெண்ட் வரும் மாதங்களில் "டின் காசு வந்துச்சா?" என்று கேட்பார். 2020இல் வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளின் டிவிடெண்டை முந்தைய ஆண்டின் 60 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொன்னபோது, ஏன் குறைந்தது என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

போன மாதம் அக்கா தன் 50,000 வெள்ளியை எங்கே போடுவது என்று கேட்க ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். இளைஞர், மரியாதையாகப் பேசினார். சாதனைப் படத்தைக் காட்டி முடித்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆண்டுக்கு எவ்வளவு கழியும், விழுக்காட்டில் வேண்டாம், வெள்ளியில் எழுதித் தாங்க." அவர் கால்குலேட்டரை எடுத்து 1.6 விழுக்காட்டைப் போட்டு, கையேட்டின் பின்புறம் 800 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் கீழே "ஒவ்வோர் ஆண்டும்" என்றும் எழுதினார். அக்கா அந்தத் தாளை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.