நுண்காலநிலைப் பாடம்: வெப்பமானியா, வெந்தயமா?

பள்ளித் தோட்டத்தில் இடத்துக்கு இடம் சூடும் ஈரமும் மாறுவதை, அதாவது நுண்காலநிலையை, பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்பமானியால் அளப்பது, மற்றது ஒரே வகை விதையை, இங்கே வெந்தயத்தை, பல இடங்களில் விதைப்பது.

வெப்பமானி ஒரே பாடவேளையில் விடை தந்துவிடும். வேப்பமர நிழல், மேற்குச் சுவரோரம், குழாயடி என மதியம் 2 மணிக்கு மேல் அளந்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும். ஆனால் நேர்வெயிலில் பிடித்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, வெயிலில் காய்ந்த தன் சூட்டையே காட்டும். அட்டையால் நிழல் கொடுத்து, எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் பிடிக்க வேண்டும். பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம், உடைந்தால் ஆபத்து.

வெந்தயத்துக்கு ஓரிரு வாரப் பொறுமை வேண்டும். ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஒரே மாதிரித் தொட்டி; இடம் மட்டும் வேறு. சுவரோரத் தொட்டி சீக்கிரம் காயும், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவிலும் விடுமே! மர நிழலில் ஈரம் நிற்கும், ஆனால் வெளிச்சம் போதாமல் தண்டு மெலிந்து நீளும். சூடு, ஈரம், வெளிச்சம், காற்று எல்லாம் சேர்ந்ததுதான் நுண்காலநிலை என்பது இங்கேதான் பிடிபடும்.

சின்ன வகுப்புகளுக்கு நான் தயங்காமல் வெந்தயத்தையே சொல்வேன். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டும் சரி. தொட்டி வைத்த இடங்களிலேயே அளக்கச் சொல்லுங்கள், செடி வாடிய காரணத்தை அவர்களே தேடட்டும்.