செயின்சாவுக்கு செயின் வாங்குறவங்க டப்பாவை நம்பாதீங்க

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரையைக் கடந்த ராத்திரி எங்கள் கொல்லைப் புளியமரம் சாய்ந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் ஊர். ஒரு வருஷம் அப்படியே காயவிட்டோம். இப்போது உள்ளே முழுக்க வைரம். கோடாலி போட்டால் எகிறுகிறது.

மரம் அறுக்கும் என் செயின்சா மிஷினின் பழைய செயினில் அரம் போடக்கூடப் பல் மிச்சமில்லை. புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார். அதன் வால் பக்கம் குத்தியிருக்கும் எண்களை போட்டோ எடுத்துப் போயிருந்தேன்: கண்ணி இடைவெளி .325 அங்குலம், பள்ளத்தின் அகலம் 1.5 மி.மீ., கண்ணி 76. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதேதாண்ணா" என்று ஒரு டப்பாவை நீட்டினார். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அதே எண்கள். பிரித்துக் காட்டச் சொன்னதற்கு, "பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து 1,350 ரூபாய். கையில் கொடுத்தது பில் இல்லை, "செயின் 1" என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு.

கண்ணி எண்ணிப் பார்த்தேன், 76 சரி. நீளமும் சரியாக உட்கார்ந்தது. ஆனால் அறுப்பு நேராக இறங்கவே இல்லை, வலது பக்கமாக வளைந்துகொண்டே போனது. ஒரு பக்கப் பல் மழுங்கினால் இப்படி இழுக்கும் என்று தெரியும், அதனால் 4.8 மி.மீ. அரத்தை வைத்துக்கொண்டு அரை நாள் தேய்த்தேன். தப்பு என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், முழு வேகத்தில் செயின் பாரை விட்டுக் கழன்றது. கீழே இருக்கும் கேட்சர் தடுத்ததால் கை பிழைத்தது.

மரம் அறுப்பதிலேயே காலம் தள்ளிய பெரியவர் ஒருவர் வந்து, செயினைப் பாரில் மாட்டி விரலால் பக்கவாட்டில் ஆட்டினார். "ஆடுற பல்லு மாதிரி ஆடுதே தம்பி" என்றார். லேத் பட்டறையில் வெர்னியர் வைத்துப் பார்த்தோம். பாரின் பள்ளத்தில் ஓடுகிற கண்ணியின் கனம் 1.3 மி.மீ. 1.5 பள்ளத்தில் அது சாய்ந்து ஓடாமல் என்ன செய்யும்? டப்பா ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் 1.3 என்று அச்சடித்திருந்தது.

திரும்பக் கொண்டுபோனால், "ஓட்டின செயின் வாங்க மாட்டோம், உங்க மரம் கெட்டி" என்கிறார். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு யாரிடம் புகார் கொடுப்பது?

பல்லிலும் கோளாறு. "வேகமா அறுக்கும்" என்று கூர்முனைப் பல் கொடுத்திருந்தார். பச்சை மரத்தில், சுத்தமான மரத்தில் அது பறக்கும், பொய்யில்லை. வேரோடு சாய்ந்து பட்டையெல்லாம் மண் அப்பிய காய்ந்த புளியில் சீக்கிரமே முனை போய், சீவலுக்குப் பதில் மாவுதான் கொட்டியது. இந்த மாதிரி மரத்துக்கு முனை உருண்ட செமி சிசல்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் மெதுவாக அறுக்கும், ஆனால் கூர் நிற்கும்.

இந்தத் தடவை பாரையே கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு கடலூரில் வேறொரு கடைக்குப் போனேன். அவர் கேட்காமலே டப்பாவைப் பிரித்து, செயினைப் பள்ளத்தில் வைத்து ஆட்டிக் காட்டினார். 1.5 சரியான கனம்தான், அதுவும் லேசாக ஆடியது. மூன்று நாள் சாய்ந்து ஓடியதில் பாரின் உதடு, அதாவது பள்ளத்தின் விளிம்பு, ஒரு பக்கம் தேய்ந்துவிட்டதாம். இனி பாரும் மாற்ற வேண்டும். அடிமரம் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது.