கோமாளிப் பாட்டுகள்: நீண்டகாலப் பாவனையில் எது தேறும்?

கோமாளிப் பாட்டில் முதலில் செத்துப்போவது பகிடிதான். பத்துத் தரம் போட்டால் வசனம் பாடமாகிவிடும், சிரிப்பு வராது. அதற்குப் பிறகும் அந்த இசைத்தட்டைத் தேடி எடுக்க வைப்பது தாளமும் வாத்தியக்காரரின் கையும்தான். அமெரிக்கப் பகிடி வாத்தியக்காரர் ஸ்பைக் ஜோன்ஸ் குழுவின் 1940களின் தட்டுகள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றில் மாட்டுமணியும் துப்பாக்கி வெடியும் கண்டபாட்டுக்கு விழாது. மிருதங்கக்காரர் தீர்மானம் வைப்பதுபோல் குறித்த இடத்தில் வந்து விழும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்து இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகளிலும் பகிடி தேய்ந்த பிறகு பைலாத் துள்ளல் மிஞ்சும்.

தேறாதவை, ஏப்பத்தையும் கீச்சுக்குரலையும் மட்டுமே நம்பி ஓட்டுபவை. எதுவானாலும் மூன்றுக்கு மேல் தொடர்ந்து போடக்கூடாது. நடுவில் நேரான மெட்டொன்று வந்தால்தான் அடுத்த கோணல் கோணலாகத் தெரியும்.

நன்றாக விளையாடக்கூடிய இடம் வேகம். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டை 45 சுற்றில் விட்டால் வேகம் 35 வீதம் கூடும். சுருதி ஏறக்குறைய ஐந்து ஸ்வரஸ்தானம் ஏறும். 'ச' போய் சுத்த மத்யமத்தில் நிற்கும், ஒரு கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்குப் போய்விடுவார். 45 தட்டை 33இல் விட்டால் பாடகி ஆம்பிளைக் குரலுக்கு இறங்குவார், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் (எனக்கு இதுதான் கூடுதல் பகிடி). 1958இல் ரொஸ் பக்தசாரியன், டேவிட் செவில் என்ற பெயரில் 'சிப்மங்க்ஸ்' பாட்டின் அணில் குரல்களைச் செய்ததும் இந்த வித்தையால்தான். நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாடி, முழு வேகத்தில் திருப்பிப் போட்டார். குரல் ஒரு ஸ்தாயி மேலே போனது. யூரியூப்பில் வேகத்தைக் கூட்டினால் இந்த ருசி வராது, அது சுருதியை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டெம்போவைத் தொடாமல் ஸ்பீடை 1.35 ஆக்க வேண்டும்.

கேட்காமலே வரும் கோமாளித்தனமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிளேயரை டிரான்ஸ்போமர் வைத்துக் கொழும்பில் ஓட்டினால் பாட்டு இழுபடும். டிரான்ஸ்போமர் வோல்ற்றை இறக்குமே தவிர இங்கத்தை மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. ஹேர்ட்ஸுக்கு ஏற்பச் சுழலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டரானால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும். மோட்டரின் கப்பியைத்தான் மாற்ற வேண்டும். வேகம் சரியானால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் ஸ்ட்ரோப் தட்டு வாங்கும்போது கவனம்: 33⅓க்கு இங்கே 180 கோடு, 216 கோடு போட்டது அமெரிக்க மின்சாரத்துக்கு. மினுங்காத எல்ஈடி வெளிச்சம் இதற்கு உதவாது, பழைய சோக் போட்ட ரியூப் லைற் வேண்டும். சுருதி ஒரே அளவாக இறங்காமல் அலைந்தால் பெல்ற்றைப் பாருங்கள், வெக்கையில் தளர்ந்திருக்கும்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டுக்கு எல்பி (33⅓ தட்டு) ஊசி ஆகாது. 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் உழும்; 3 மில் ஊசிதான் சுவரில் உட்காரும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உறை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், தட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். துடைக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். 78இல் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்து துணியோடு பாட்டும் வந்துவிடும்.